முழு வேகத்தில் அவுட்போர்டு மோட்டார் படுத்துவிடுகிறதா? எங்கிருந்து தேட ஆரம்பிப்பது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 40 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டும் மோட்டார். எளிதாக ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் சீராக நிற்கிறது, பாதி த்ராட்டில் வரை குறையே இல்லை. முழுக்கத் திறந்தால் அரை நிமிடம் போல நன்றாக ஓடி, பிறகு திணறிப் படுத்துவிடுகிறது. த்ராட்டிலைக் குறைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டினால் மறுபடி தெம்பு வருகிறது. திரும்ப முழுசாகக் கொடுத்தால் அதே கதை. ப்ளக் மாற்றியாகிவிட்டது, கார்புரேட்டரும் சுத்தம் செய்தாகிவிட்டது. அடுத்து பெட்ரோல் பம்பை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம், இப்போதைக்கு. பம்பே காரணமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் அதைச் சந்தேகிப்பதற்கு முன்னால் காசு செலவில்லாமல் பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. நீங்கள் எழுதியதிலேயே பெரிய துப்பு ஒன்று இருக்கிறது: அரை நிமிடம் நன்றாக ஓடுகிறது என்பது. கார்புரேட்டரில் முழு வேகத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான மெயின் ஜெட் அடைத்திருந்தால் த்ராட்டிலைத் திறந்ததுமே எஞ்சின் திணறியிருக்கும். அரை நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டு இறங்குகிறது என்றால், கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தில் ஏற்கெனவே இருந்ததை எரித்து முடித்துவிட்டது, அதே வேகத்தில் புதிதாக வந்து சேரவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டால் இது தெளிவாகிவிடும். 40 குதிரைத்திறன் கார்புரேட்டர் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 15 லிட்டர் குடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 250 மில்லி, வினாடிக்கு 4 மில்லிக்குக் கொஞ்சம் மேலே. மூன்று கிண்ணங்களிலும் சேர்த்து 100 மில்லி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து ஒரு சொட்டும் வராவிட்டால் 25 வினாடியில் காலி. தேவையில் பாதி வந்துகொண்டிருந்தால் 50 வினாடி. ஐடிலில் எஞ்சினுக்கு மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் போதும், அதனால் பாதி அடைத்த குழாய் கூட ஐடிலில் தன் குறையைக் காட்டாது. பாதி த்ராட்டிலிலும் பெரும்பாலும் காட்டாது. முழு வேகத்தில்தான் குட்டு வெளிப்படும். நீங்கள் வேகத்தைக் குறைத்ததும் தெம்பு திரும்புவதும் இதனால்தான். செலவு குறைந்ததும் கிண்ணம் மறுபடி நிரம்புகிறது.

மேலே போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. காரணம் பிடிபடும் வரை முழு வேகத்தில் அடிக்கடி ஓட்டிப் பார்க்காதீர்கள். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் எரிப்பு சூடேறும். எண்ணெய் கலந்த பெட்ரோல் ஊற்றும் டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் சேர்ந்தே குறைகிறது. சூடும் வறட்சியும் ஒன்றாகச் சேர்ந்தால் பிஸ்டன் உரசிப் பிடிக்கும், சில சமயம் அதன் தலையில் ஓட்டையே விழும். ஒரு ஓ-ரிங்கோடு, அதாவது ஒரு சின்ன ரப்பர் வளையத்தோடு, முடிந்திருக்க வேண்டிய வேலை எஞ்சினைப் பிரிக்கும் வேலையாக மாறுவது இப்படித்தான். திணற ஆரம்பித்ததுமே த்ராட்டிலைக் குறைத்துவிடுங்கள்; எதைச் சோதிக்கிறீர்களோ அதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் ஓட்டுங்கள்.

அப்புறம், கரையில் தண்ணீர்க் குழாய் மாட்டி வைத்துக்கொண்டு முழு வேகம் கொடுத்துப் பார்ப்பதும் கூடாது. சுமை இல்லாத எஞ்சின் கட்டுமீறிச் சுழன்று தன்னையே உடைத்துக்கொள்ளும். அதோடு, சுமை இல்லாதபோது இந்தக் குறை பெரும்பாலும் வெளியே தெரியாது. சோதனை தண்ணீரில்தான் நடக்க வேண்டும். படகில் இரண்டு பேர் வேண்டும். ஓட்டுபவர் அவசர நிறுத்தக் கயிற்றைத் தன் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து கவனிக்க வேண்டும்.

முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வரும் குழாயில், கையால் அழுத்தும் ரப்பர் பல்ப் இருக்கிறதே, அதுதான் கருவி. முழு வேகத்தில் எஞ்சின் இறங்க ஆரம்பிக்கும்போது பின்னால் இருப்பவர் அந்தப் பல்பை நிதானமாக அழுத்தி அழுத்தி விடட்டும். எஞ்சின் மறுபடி எழுந்து ஓடினால், நோய் பெட்ரோல் வரத்தில் இருக்கிறது என்பது உறுதி. ப்ளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தமான கம்ப்ரஷன் எல்லாவற்றையும் அப்போதே மறந்துவிடலாம். எழுந்திருக்கவில்லை என்றால் பெட்ரோல் மீதான சந்தேகம் முழுக்கப் போய்விடாது, ஆனால் குறையும்.

அழுத்துவதற்கு முன்னால் அந்தப் பல்ப் எந்த நிலையில் இருக்கிறது என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பல்ப் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிக் கிடந்தால், எஞ்சின் பக்கத்துப் பம்ப் நன்றாகவே இழுக்கிறது; அடைப்பு பல்புக்கும் டேங்குக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த நிலையில் புதுப் பம்ப் வாங்கிப் போட்டால் எதுவும் மாறாது. பல்ப் சப்பையாகவில்லை, ஆனால் தொளதொளவென்று இருக்கிறது, அழுத்தினால் எஞ்சின் எழுகிறது என்றால் இரண்டு வாய்ப்பு: எங்கோ காற்று உள்ளே புகுகிறது, அல்லது பம்புக்குள் ஆடிப் பெட்ரோலைத் தள்ளும் மெல்லிய சவ்வான டயஃப்ரம் தளர்ந்துவிட்டது. பல்ப் கல் மாதிரி இறுகியிருந்தும் எஞ்சின் இறங்கினால், அடைப்பு பல்பைத் தாண்டி இருக்கிறது. எஞ்சின் மேல் உள்ள வடிகட்டி, கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடும் நீடில் வால்வு, ஜெட் என்று அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

பல்ப் சப்பையாகிறது என்றால் முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். கையில் தூக்கும் டேங்காக இருந்தால் மூடியில் காற்றுத் திருகு ஒன்று இருக்கும். அதைத் திறக்க மறந்தால், அல்லது உப்பு ஏறி அது அடைத்திருந்தால், பெட்ரோல் போகப் போக டேங்குக்குள் வெற்றிடம் உருவாகிப் பம்பை எதிர்த்து இழுக்கும். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டினால் குறை மறைந்துவிடுகிறதா என்று பார்த்தால் போதும். மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் வேறு சாட்சியே வேண்டாம். படகோடு சேர்த்துப் பதித்த டேங்காக இருந்தால் காற்றுக் குழாய் படகின் பக்கவாட்டில் போய்த் திறக்கும். அந்த வாயில் பூச்சி கூடு கட்டியிருப்பது நீங்கள் நினைப்பதை விடச் சகஜம். குழாய் நடுவில் தொங்கி, அந்தப் பள்ளத்தில் பெட்ரோலோ தண்ணீரோ தேங்கி நின்றாலும் காற்று போகாது.

அடுத்து டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய். அதன் நுனியில் ஒரு சல்லடை இருக்கும். டேங்கின் அடியில் கிடக்கும் பிசின், இலைத்துணுக்கு, பிய்ந்த பெயின்ட் எல்லாம் ஓட்டம் வேகமாகும்போது அதில் போய் ஒட்டிக்கொள்ளும், நிறுத்தியதும் விழுந்துவிடும். நீங்கள் கழற்றிப் பார்க்கும்போது சுத்தமாக இருப்பது போலத் தெரியும். அதனால் டேங்கின் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள்; மின்சாரத் தீப்பொறி வராத, பெட்ரோல் ஆவிக்கு ஏற்ற டார்ச்சாக இருக்கட்டும். பதித்த டேங்குகளில் வெளிவாயில் சிறு வால்வு ஒன்று இருக்கும். குழாய் அறுந்தால் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக வழிந்து படகை நிரப்பாமல் தடுப்பதற்காக, ஸ்பிரிங் வைத்த குண்டு அதில் இருக்கும். அது துருப்பிடித்துப் பாதியிலேயே நின்றால் இதே குறை வரும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகக் குழாயை மாட்டுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது தீ விபத்தைத் தடுக்க வைத்தது. கெட்டிருந்தால் புதிது போடுங்கள்.

இனி குழாய். வெளியே பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும் ரப்பர் குழாயின் உள்தோல் பிரிந்து ஒரு நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய குழாய்களுக்கு இதைச் செய்யும். மெதுவாக ஓடும்போது நாக்கு ஒதுங்கி வழிவிடும். வேகமாக இழுக்கும்போது மூடிக்கொள்ளும். ஊதிப் பார்த்தால் காற்று தாராளமாகப் போகும், அதனால் குழாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவோம். வயதான குழாயைச் சோதித்துக்கொண்டிருப்பதை விட மாற்றிவிடுவது மேல் என்பது என் கருத்து. பல்பும் அப்படியே. அதற்குள் இரண்டு வால்வுகள் உண்டு, இரண்டில் எது ஒட்டிக்கொண்டாலும் ஓட்டம் குறையும். மலிவான போலிப் பல்புகள் வாங்கிய அன்றே இந்த வேலையைக் காட்டுவதுண்டு. நல்ல பல்பு வாங்குங்கள்.

காற்று புகும் விஷயம் தனி. டேங்கிலிருந்து பம்ப் வரை குழாய் உறிஞ்சும் அழுத்தத்தில் இருக்கிறது. அதனால் இணைப்பில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரம் தெரியவில்லை, எனவே ஒழுக்கு இல்லை என்று நினைக்க முடியாது. முதல் குற்றவாளி, டேங்கிலும் எஞ்சினிலும் குழாயைச் சட்டென மாட்டும் இணைப்பானுக்குள் இருக்கும் சின்ன ஓ-ரிங். வெட்டுப்பட்டோ காய்ந்தோ போயிருக்கும். கண்டுபிடிக்க நல்ல வழி, பம்புக்குச் சற்று முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு பெட்ரோல் தாங்கும் நிறமற்ற குழாயைத் தற்காலிகமாகச் செருகிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. குமிழ்கள் ஓடினால் காற்று. பார்த்து முடித்ததும் அதைக் கழற்றிவிடுங்கள்; நிரந்தரமாக விடும் பொருள் அல்ல.

இத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்க்க நேரமில்லை என்றால், எல்லாவற்றையும் ஒரே அடியில் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. வேறொரு சின்ன டேங்க், அதோடு சேர்ந்த நல்ல குழாயும் பல்பும், புதிய பெட்ரோல். எண்ணெய் கலந்து ஊற்றும் எஞ்சின் என்றால் கையேடு சொல்லும் விகிதத்தில் எண்ணெய் கலந்திருக்க வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். எண்ணெயைத் தனியாகச் செலுத்தும் அமைப்பு இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். இந்த டேங்கை நேரே எஞ்சினில் மாட்டி முழு வேகத்தில் ஓட்டுங்கள். குறை போய்விட்டால், நோய் உங்கள் படகின் டேங்க், குழாய், பல்ப், வடிகட்டி, பெட்ரோல் இவற்றில் ஒன்றில்தான். எஞ்சினைத் தொடவே வேண்டாம். குறை அப்படியே இருந்தால் எஞ்சினின் மூடியைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. நான் என்றால் பல்ப் சோதனை முடிந்த கையோடு இதைத்தான் செய்வேன். இரவல் டேங்க் ஒன்று கிடைத்தால் ஒரு மணி நேரத்தில் பாதி உலகம் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

பெட்ரோலையும் பார்த்துவிடுங்கள். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி இருந்தால் அதைக் கழற்றி உள்ளிருப்பதை ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றி ஓரமாக வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காகத் தங்கும். வடிகட்டி இல்லையென்றால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து வடியும் பெட்ரோலில் இதையே பார்க்கலாம். எத்தனால் 10 சதவீதம் வரை கலந்த பெட்ரோலைப் பெரும்பாலான அவுட்போர்டுகள் தாங்கும். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். உறிஞ்சு குழாய் எடுப்பதும் அந்த அடியிலிருந்துதான்.

இப்போது பம்ப். உங்கள் வகை எஞ்சினில் பெரும்பாலும் மோட்டாரோ பல்சக்கரமோ இல்லாத டயஃப்ரம் பம்ப் இருக்கும். கிராங்க் அறையில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்த மாற்றத்தை வைத்து அது ஆடும். டயஃப்ரம் விறைத்துப் போனாலோ ஊசிமுனை ஓட்டை விழுந்தாலோ பெட்ரோல் போதாமல் வரும். ஓட்டை விழுந்திருந்தால் அழுத்தத் துடிப்பு வரும் வழியிலேயே பெட்ரோல் கசிந்து அந்தச் சிலிண்டருக்குள் போய், அந்த ஒரு ப்ளக் மட்டும் கருத்து நனைந்திருக்கும். இதுவும் நல்ல துப்பு. பம்புக்கு மறுசீரமைப்புக் கிட் கிடைக்கும் என்றால், முழுப் பம்பையும் வாங்காமல் டயஃப்ரமும் கேஸ்கெட்டும் மாற்றினால் போதும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: புதுப் பம்ப் போட்டும் தள்ளவில்லை என்றால், பம்புக்குத் துடிப்பைக் கொண்டுவரும் சிறு குழாயில் விரிசல் இருக்கலாம், அல்லது பம்ப் மாட்டியிருக்கும் சிலிண்டரே பலவீனமாக இருக்கலாம்.

வெற்றிட அளவி வைத்திருக்கும் மெக்கானிக் கிடைத்தால் பம்பின் உள்வாயிலுக்கு முன்னால் ஒரு டி இணைப்பு போட்டு முழு வேகத்தில் அளந்துவிடச் சொல்லுங்கள். சரியான எல்லை உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். பொதுவாக வெற்றிடம் 4 அங்குலப் பாதரசத்தை (அளவியில் inHg என்றிருக்கும்) தாண்டினால் டேங்க் பக்கம் அடைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஊகம் எல்லாம் இந்த ஒரு எண்ணோடு முடிந்துவிடும்.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்ததாகச் சொன்னீர்கள். எப்படிச் செய்தீர்கள் என்பது முக்கியம். வெளியிலிருந்து ஸ்ப்ரே அடிப்பது சுத்தம் செய்வதில் சேராது. ஜெட்டுகளைக் கழற்றி, ஊறவைத்து, காற்றால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதானால் கலவை மாறிவிடும். திரும்ப மாட்டும்போது, கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட்டின் உயரத்தைச் சரிபார்த்தீர்களா? ஃப்ளோட் தாழ்வாக அமைந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் குறைவாகத்தான் நிற்கும், உங்கள் அறிகுறி அப்படியே வரும். நீடில் வால்வு உட்காரும் இடத்தில் பிசின் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். குழாயின் உள்தோல் பிய்ந்துகொண்டே இருந்தால் எத்தனை தடவை கழுவினாலும் அதே துகள்கள் வந்து அடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எஞ்சின் இறங்கும் நேரத்தில் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கோ, சாவியை உள்ளே அழுத்தினால் வேலை செய்யும் ப்ரைமரோ இருந்தால் அதை ஒரு நொடி கொடுத்துப் பாருங்கள். தெம்பு வந்தால் பெட்ரோல் குறைகிறது. இன்னும் மோசமாகத் திணறினால் பெட்ரோல் அதிகமாகிறது, அல்லது குறை வேறெங்கோ.

சரி, பல்ப் அழுத்தியும், வேறு டேங்க் மாட்டியும், சோக் கொடுத்தும் எதுவும் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆர்.பி.எம். மீட்டரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: படகின் வேகம் குறையும்போது எஞ்சினின் சுற்று குறைகிறதா, கூடுகிறதா? மீட்டர் இல்லாவிட்டாலும் காது சொல்லிவிடும். சுற்று கூடி வேகம் குறைந்தால் எஞ்சினில் குறையே இல்லை, புரொப்பெல்லர் தண்ணீரைப் பிடிக்கவில்லை. புரொப்பெல்லருக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது; அது நழுவத் தொடங்கினால் குறைந்த சுமையில் பிடிக்கும், முழுச் சுமையில் சுற்றிக்கொள்ளும். உள் வளையத்திலிருந்து வெளிப்பகுதி வரை குறுக்கே பெயின்டால் ஒரு நேர்க்கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வரும்போது கோடு உடைந்து விலகியிருந்தால் புஷ் போயிற்று. கோடு நேராக இருந்தால், மோட்டார் உயரமாக மாட்டப்பட்டுக் காற்றை இழுக்கிறதா, சாய்வு அதிகமா, இறக்கை நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சுற்று மெதுவாக ஓரளவுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது, ஆனால் திணறல் இல்லை என்றால் சுமையைச் சந்தேகியுங்கள். புரொப்பெல்லரில் சுற்றிய வலைநூல், படகின் அடியில் படிந்த பாசி, படகின் தளத்துக்கடியில் தேங்கிய தண்ணீர், சமீபத்தில் மாற்றிய பெரிய பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) புரொப்பெல்லர். பிட்ச் ஒரு அங்குலம் கூடினால் முழு வேகச் சுற்று 150 முதல் 200 வரை குறையும். கூடவே எஞ்சினை அணைத்துவிட்டு, லீவரை முழுக்கத் தள்ளி, கார்புரேட்டரின் தகடு உண்மையிலேயே முழுசாகத் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கேபிள் நீண்டுபோய்த் தகடு முக்கால்வாசியோடு நிற்பதைக் கவனிக்காமல் எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு. இவை எல்லாம் நிலையான குறைகள். உங்களுடையதைப் போல அரை நிமிடம் கழித்து வருபவை அல்ல.

பத்து நிமிடம் நன்றாக ஓடி, திடீரென்று 2000 அல்லது 2500 சுற்றுக்கு இறங்கி அங்கேயே நின்றால் அது எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்வது. சூடு மிஞ்சினால் தானாகவே வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு பல அவுட்போர்டுகளில் இருக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும் இதைச் செய்யும். எச்சரிக்கை ஒலி கெட்டுப்போயிருந்தால் காரணம் தெரியாமல் வேகம் மட்டும் விழும். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் ஐடிலில் நன்றாக வருகிறது என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். தண்ணீரை இழுக்கும் இம்பெல்லர், சூட்டுக்கேற்பத் தண்ணீர் விடும் தெர்மோஸ்டாட், உள்வாங்கும் துளைகளில் ஒட்டிய பிளாஸ்டிக் பை மூன்றையும் பாருங்கள்.

தீப்பொறிக் குறை வேறு மாதிரி நடந்துகொள்ளும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் தளர்ந்து தளர்ந்து இறங்கும். தீப்பொறி விட்டால் வெட்டினாற்போல் விழும், சில சமயம் அதே வேகத்தில் திரும்பிப் பிடிக்கும். காயில் குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து சூடானதும் விடும். சில பழைய மாடல்களில் தீப்பொறிக்கு மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரில் குறைந்த வேகத்துக்கு ஒன்று, உயர் வேகத்துக்கு ஒன்று என்று தனித்தனிச் சுருள்கள் இருக்கும். இரண்டாவது மட்டும் போனால் ஐடில் அருமையாக இருக்கும், மேலே போனால் தவறும். ப்ளக் ஒயரில் மின்சாரம் பாயும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் இருந்தால் அதன் கவ்வியை ஒவ்வொரு ப்ளக் ஒயரிலும் மாற்றி மாற்றி மாட்டி ஓட்டுங்கள். எஞ்சின் தவறும் அதே நேரத்தில் எந்த ஒயரில் ஒளி விட்டு விட்டு வருகிறதோ அந்தச் சிலிண்டர்தான். மூடியில்லாத எஞ்சினின் ஃப்ளைவீல் அருகே சட்டை, கயிறு, முடி எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடியைக் கழற்றி ஓட்டும்போது இன்னொன்றும் தற்செயலாகத் தெரியவரலாம். மூடி இல்லாமல் குறை மறைந்து, மூடியை மாட்டினால் திரும்ப வந்தால், மூடிக்குள் எங்கோ புகை கசிந்து அதையே எஞ்சின் உள்ளே இழுக்கிறது, அல்லது மூடியின் காற்று வழி அடைத்திருக்கிறது. கேஸ்கெட் ஓரங்களில் கரிக்கோடு தெரிகிறதா பாருங்கள்.

எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் டேங்க் முதல் பல்ப் வரை சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். அதற்கு மேல் அவர்களுக்கு உயர் அழுத்தப் பம்பும், ஆவி பிரிக்கும் சிறு தொட்டியும், அதற்குள் ஒரு வடிகட்டியும் உண்டு. அந்த வடிகட்டியைக் கையேட்டில் தேடிப்பிடித்துப் பாருங்கள். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

உங்கள் எஞ்சினுக்குத் திரும்புகிறேன். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் வரிசை இதுதான்: டேங்க் மூடியின் காற்றுத் திருகு, பல்பைத் தொட்டும் அழுத்தியும் பார்ப்பது, இரவல் டேங்க், அதன் பிறகு இணைப்பான் ஓ-ரிங்கும் குழாயும். இரவல் டேங்கிலும் படுத்தால் மட்டும் பம்ப் டயஃப்ரமும் ஃப்ளோட் உயரமும்.

குறை தீர்ந்த பிறகு மூன்று ப்ளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே நிறத்தில் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டரின் கார்புரேட்டரில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. ப்ளக்கின் முனையில் மணல் போலப் பளபளக்கும் உலோகப் பொடி ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்தது. இத்தனை நாள் பெட்ரோல் குறைவாக ஓடிய எஞ்சின் என்பதால் கம்ப்ரஷனையும் அளந்துவிடுங்கள்: எஞ்சின் சூடாக, மூன்று ப்ளக்கும் வெளியே, ப்ளக் ஒயர்களை எஞ்சினின் உலோகப் பகுதியோடு இணைத்து, த்ராட்டில் முழுக்கத் திறந்து. எண் எவ்வளவு என்பதை விட மூன்றும் 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் ஹெட்டைக் கழற்றி அந்தப் பிஸ்டனைப் பார்க்கும் வரை முழு வேகத்துக்குப் போகாதீர்கள்.